சீருடை போடாத ஊழியம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே உன் அம்மா சுகம், அவள் குரலும் சுகம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது என்னோடு வழக்காடுகிறது, மற்றபடி கர்த்தர் எங்களைக் குறையில்லாமல் வைத்திருக்கிறார். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, முளைத்த பல்லால் யாரைக் கடிக்கிறது என்று எழுது. கடித்தால் அது என் வம்சம், அதட்டாதே.

போன ஞாயிறு சாயங்காலம், சபைக் கமிட்டி கொடுத்த ஊழியச் சட்டையை நான் வேண்டாம் என்று விட்டு வந்ததைக் கேட்டு, போனில் நீ சொன்னாய், “சட்டைதானேப்பா, போட்டுட்டுப் போங்களேன், உங்களுக்கு வேண்டியது அந்த வார்டுக்குள்ள போறது, எந்தக் கலர்ல போனா என்ன” என்று. அதற்கு நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் உனக்குச் சேர வேண்டியதைவிட அதிகமாகச் சொல்லியிருப்பேன். எழுத்தில் கோபம் கொஞ்சம் ஆறும் என்பார்கள், ஆறுகிறதா என்று நீயே படித்துப் பார். நான் சபையை விட்ட சமயத்தில் நீ பிரசவத்துக்குப் படுத்திருந்தாய், உனக்கு நாங்கள் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் டைல்ஸ் கடைக்காரரின் மருமகள் உனக்குப் போன் போட்டு, “அங்கிள் சும்மா கோபத்துல போயிட்டாரு, சபையில யாருமே அவரைப் போகச் சொல்லல” என்று சொன்னாளாம். டைல்ஸ் கடைக்காரர்தான் நம் சபைக்குச் செயலர் என்பதும், அந்தக் குடும்பத்தில் நடக்கும் எல்லாமே வழுவழுப்பாக இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். யாரும் போகச் சொல்லவில்லை என்பது உண்மைதான். பிரசங்க பீடத்துக்குள்ளே, நான் பைபிள் வைக்கும் பலகைக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாமல் ஒரு சிவப்பு பல்பை மாட்டினார்கள், அவ்வளவுதான். அதன் சுவிட்ச் முதல் வரிசையில் செயலரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரசங்கம் நீண்டால் பல்ப் எரியும், நான் ஆமென் சொல்ல வேண்டும். நீளம் எது என்பதை டைல்ஸ் கடைக்காரர் தீர்மானிப்பார், அவருக்கு அளவெடுத்துப் பழக்கம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பசி எல்லாருக்கும் உண்டு. ஆனால் தையல்காரரின் மனைவி இறந்து, பெட்டி முன்னால் இருக்க, அவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்க, நான் அந்தம்மாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த பல்ப் எரிந்தது. நான் செயலரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார், விரல் மட்டும் சுவிட்சில் இருந்தது. கல்லறைவரை போய்க் காரியத்தைக் குறைவில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அங்கியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். என்னை வழியனுப்ப அவர்கள் வைத்த கூட்டத்தில் என் பொறுமையைப் புகழ்ந்து பேசி, ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அதிலிருந்த கேலி அவர்களுக்கே புரியவில்லை என்பதுதான் அவர்களைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிக மோசமான விஷயம்.

உன் அம்மா மட்டும் அந்தச் சபையை விடவில்லை. பாடகர் குழுவில் இன்றைக்கும் இரண்டாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். முதலில் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. கேட்டதற்கு, “நீங்க விட்டது உங்க வேலையை, அதுக்கு நான் ஏன் என் பாட்டை விடணும்” என்றாள். இதற்குப் பதில் வேதாகமக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சபையை விட்ட போதகரை இந்த ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா. பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப்போன டிரைவரைப் பார்ப்பதுபோல. ஏதோ கெட்ட சமாச்சாரம் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம், “இனிமே ரெஸ்ட் எடுங்க ஐயா” என்று என்னை உயிரோடு படுக்க வைப்பவர்கள் இன்னொரு பக்கம். என்னோடு படித்து என்னைப்போலவே சபையை விட்டு வந்தவர்களைப் பார்த்தும் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஒருவன் கம்பெனிகளில் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறான், முன்பு பரலோகம் என்று சொன்ன இடத்தில் இப்போது பதவி உயர்வு என்று சொல்கிறான், கையசைவு மாறவில்லை. இன்னொருவன் தன் வீட்டு ஹாலுக்குத் தானே பேராயர் ஆகிவிட்டான், மனைவியும் மாமியாரும் திருச்சபை. மாப்பிள்ளையும் தன் பங்குக்கு, “மாமா, செல்போன்லயே பிரசங்கம் போடலாம், உங்க குரலுக்கு லைக் அள்ளும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், திட்டாதே. ஆனால் செத்துக்கொண்டிருப்பவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிடு.

நான் மருத்துவமனைக்குள் போனதே அந்தத் தையல்காரரால்தான். மனைவி போன கொஞ்ச நாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆண்கள் எலும்பு வார்டில் கிடந்தார். பார்க்கப் போனேன். அவருக்கு நகம் வளர்ந்து போர்வையில் மாட்டிக்கொண்டிருந்தது. படுக்கையோடு கிடப்பவனுக்கு மருந்து கொடுக்க ஆள் உண்டு, துடைத்துவிட ஆள் உண்டு, நகத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அடுத்த நாள் நகவெட்டியோடு போனேன். பக்கத்துக் கட்டில்காரர் தன் கையையும் நீட்டினார். அப்படியே அது என் வேலையாகிவிட்டது. வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, சர்க்கரை நோய்க்காரர்களின் காலை மட்டும் தொடாமல், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டில் கட்டிலாக நகம் வெட்டுவேன். ஒருவன் கை இன்னொருவன் கைக்குள் இருக்கும்போது அவனுக்குப் பேச்சு தானாக வரும். ஜெபம் வேண்டும் என்றால் அவர்களே கேட்பார்கள். கேட்காதவனுக்கு நகம் மட்டும். பீடத்தில் நின்று நான் கத்திய வருஷங்களில் ஒருவர் முகமும் இவ்வளவு கிட்டத்தில் தெரிந்ததில்லை.

அங்கேதான் லாரி டிரைவர் இருந்தான். பாரம் சரிந்து முழங்காலுக்குக் கீழே நசுங்கி, கட்டுப் போட்டு, கட்டுக்குள் புண் அழுகி, வாரக் கணக்கில் கிடந்தான். லாரி முதலாளி ஒரு தடவை வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பெற்றவர்கள் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, கட்டியவள் முன்பே போய்விட்டாள். நான் முக்காலியைப் போட்டதும், “சாமி, பாவம் கீவம்னு ஆரம்பிச்சீங்கன்னா கட்டிலுக்கு அடியில இருக்கிறதை எடுத்து மேல ஊத்திருவேன்” என்று வரவேற்றான். சபைக் கமிட்டியில் இத்தனை நேர்மையாக ஒருவரும் என்னிடம் பேசியதில்லை என்பதால் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. காலை எடுத்தே ஆக வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலின் விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். “வெட்டிப் போடப் போற காலுக்கு எதுக்கு சாமி நகம்” என்றான். “போறப்ப சுத்தமா போகட்டும்டா” என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தான், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறக்கறப்ப யாராச்சும் பக்கத்துல இருந்தா தேவலை. குனிஞ்சு பார்க்க எனக்கு தைரியம் இல்ல, போயிருச்சான்னு ஒருத்தர் வாயால சொல்லிட்டா போதும்” என்றான். நான் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வேண்டியது அந்த வார்டுக்குள் போவது என்று நீ சொன்னாயே, அது இதற்காகத்தான்.

இதற்குள் நம் புதுப் போதகர், கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு திரிவதால் நான் மைக் தம்பி என்று கூப்பிடுகிறவர், நான் மருத்துவமனைக்குப் போவதைக் கேள்விப்பட்டு, சபைக்கும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஒரு குழுவைக் கிளப்பிவிட்டார். ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் ‘சுகமளிக்கும் கரங்கள்’ என்று எழுத்து, ஒரு கிட்டார், கையடக்க ஸ்பீக்கர். ஒரு மத்தியானம் எலும்பு வார்டுக்குள் நுழைந்தார்கள். நான் அப்போது தையல்காரரின் கட்டிலருகே இருந்தேன், ஆகவே கேட்டதை எழுதவில்லை, கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கூட இருந்து இரவெல்லாம் கண்விழித்த அவன் தம்பி, கட்டில் காலியாகத்தானே இருக்கிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசந்து தூங்கிவிட்டான். ஆரஞ்சுக் கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. யார், என்ன நோய் என்று ஒருவர் வாயிலும் ஒரு கேள்வி வரவில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்னமோ. எல்லாருமாகத் தலையிலும் தோளிலும் காலிலும் கையை வைத்து அழுத்தி, ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி, எழுந்து நட என்று கத்தினார்கள். விழித்தவன் என்ன செய்வான், தன்னைப் பிணம் என்று நினைத்துத் தூக்க வந்துவிட்டார்கள் என்று பதறி, போர்வையை உதறி எழுந்து, மைக் தம்பியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வராண்டாவில் ஓடினான். குழு அல்லேலூயா என்று பின்னால் ஓடியது. லாரி டிரைவர் கட்டிலில் படுத்தபடி, “டேய், அவனுக்கு ஒண்ணுமே இல்லடா, அவன் வெறும் தம்பிடா” என்று கத்தியது அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. ஞாயிறன்று அந்த ஓட்டம் சபையில் சாட்சியாகச் சொல்லப்பட்டது, எலும்பு முறிந்தவன் ஓடினான் என்று. உன் அம்மா பாடகர் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கூத்தின் பலன் என் தலையில் விடிந்தது. அந்தத் தம்பிக்காரன் புகார் கொடுத்தான், கொடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மருத்துவமனை நிர்வாகி சத்தத்தைக் கண்டால் ஆகாத மனுஷர். அவர் உடனே உத்தரவு போட்டார், இனி வார்டுக்குள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மட்டும் வரலாம், மத ஊழியர்கள் என்றால் ஒரு சபை அவர்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று. நான் அவரைப் பார்க்கப் போனேன். “உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க, ஆனா நீங்க யாரோட ஆளுன்னு ஒருத்தர் சொல்லணுமே” என்றார். இத்தனை வருஷம் ஊழியம் செய்த நான் யாருடைய ஆளும் இல்லை. கூத்தடித்தவர்களுக்கோ சபை இருக்கிறது, சபைக்கு முத்திரை இருக்கிறது, அவர்கள் மறுநாளே கையெழுத்து வாங்கி, ஸ்பீக்கரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நான் கமிட்டி முன்னால் போய் நின்றேன். உன் அம்மாவும் நீயும் போகச் சொன்னதால் போனேன், அந்த டிரைவருக்காகப் போனேன், இல்லாவிட்டால் என் கால் அந்தப் படியை மிதித்திருக்காது. அந்த அறையை நீ பார்க்க வேண்டும். சுவர் முழுக்க டைல்ஸ், யார் கடைச் சரக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். செயலர், “ஐயா, கையெழுத்து போட எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. நீங்க நம்ம டீம்ல ஒருத்தரா சேர்ந்துருங்க. சட்டை உங்க சைஸ்ல எடுத்து வச்சிருக்கோம்” என்றார். மைக் தம்பி, “வாராவாரம் ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுத்துருங்க ஐயா, எத்தனை பேர் சுகமானாங்க, எத்தனை பேர் இயேசுவை ஏத்துக்கிட்டாங்கன்னு. அப்புறம் நகம் வெட்டறதெல்லாம் வேணாமே, ஊழியக்காரருக்கு அது மரியாதையா இல்லை” என்றார். நான் கேட்டேன், “நாளைக்கு ஒருத்தனுக்குக் காலை எடுக்கறாங்க, அதை எந்தக் கணக்குல எழுதட்டும்” என்று. ஆளுக்கு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் செயலர், “அதையெல்லாம் எழுத வேணாங்க, நல்லதை மட்டும் எழுதினா போதும்” என்றார். இப்போது சொல், மகளே, அது வெறும் சட்டையா? அதைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றால், அவன் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ‘சுகமளிக்கும் கரங்கள்’ என்ற எழுத்தை. ஒரு காலை இழந்தவனுக்கு இதைவிடக் கேவலமான கிண்டலை என்னால் யோசிக்க முடியவில்லை. சட்டையை மேஜைமேலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்கு இரவெல்லாம் எனக்கு, அவனிடம் கொடுத்த வாக்கு போய்விட்டதே என்றுதான் இருந்தது.

திங்கள் காலை எதற்கும் இருக்கட்டும் என்று போனேன். வார்டுக்குப் போகும் இரும்பு வாசலில் புதிதாக ஒரு வாட்ச்மேன், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். “யாரைப் பார்க்கணும்” என்றான், சொன்னேன். “நீங்க அவருக்கு என்ன முறை” என்றான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உள்ளே போய்விடலாம், சித்தப்பா என்றால் சித்தப்பா. வரவில்லை, உன் அப்பனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சகோதரர் என்று வழக்கம்போலச் சொன்னேன். “கூடப் பிறந்ததா, பெரியப்பா மகனா” என்று கேட்டான். சபையில் கூசாமல் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடும் அந்த வார்த்தை ஒரு வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஓரமாக நிற்கச் சொன்னான், நின்றேன். என் கண் முன்னாலேயே மைக் தம்பியின் ஆரஞ்சுச் சட்டைகள் இரண்டு தடையில்லாமல் உள்ளே போயின.

அந்த நேரத்தில்தான் டிரைவரை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் துணி போர்த்தி, முகம் வெளுத்து, தூக்க மருந்தில் பாதிக் கண் மூடி வந்தவன் என்னைக் கம்பிக்கு வெளியே பார்த்துவிட்டான். அந்த உடம்பில் அப்படி ஒரு குரல் எங்கே இருந்ததோ. “யோவ் வாட்ச்மேன், எங்க மச்சானை ஏன்யா வெளிய நிறுத்தி வச்சிருக்க? எங்கக்காவைக் கட்டினவர்யா அவரு! அவரை உள்ள விடலைன்னா நான் காலைக் குடுக்க மாட்டேன், வண்டியைத் திருப்புங்கடா” என்று ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்காரப் பார்த்தான். வார்டு சிஸ்டருக்கு உண்மை தெரியும். அந்தம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், வாட்ச்மேனைப் பார்த்தாள், “அவர் மச்சான்தான், விடு” என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னாள். நான் அதை மறுக்கவில்லை. பக்கத்தில் நடந்தேன். அறை வாசல்வரை என் விரலைப் பிடித்திருந்தான்.

சாயங்காலம் கண்ணைத் திறந்தான். கூரையையே பார்த்துக்கொண்டு, “போயிருச்சா மச்சான்” என்றான். போயிருச்சுடா என்றேன். அழுதான், முதலாளியைத் திட்டினான், டாக்டரைத் திட்டினான், என்னைத் திட்டினான், கர்த்தரையும் விடவில்லை. திட்டி முடித்துத் தூங்கும்வரை கூட இருந்தேன். இதற்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்கள் என்று தெரியவில்லை. சுகமானவர் எவரும் இல்லை, ஏற்றுக்கொண்டவர் ஒருவர், அதுவும் என்னை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, “அவனுக்கு அக்கான்னா அது நான்தானே” என்றாள். மறுநாள் பாடகர் குழுவில் ஒத்திகை இருந்தது, சபைக்கு வெளியூர்ப் பிரமுகர் வருகிறாராம். இவள் ஒத்திகைக்குப் போகாமல் பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாள். வாட்ச்மேன் நீங்க என்ன முறை என்றதும், ஒரு நொடி யோசிக்காமல், “அக்கா, பார்த்தா தெரியல?” என்று அவனையே கேட்டுவிட்டு உள்ளே போனாள். பொய் சொல்லிவிட்டாயே என்றேன் வராண்டாவில். “எங்க பொய்? அவனைப் போய்க் கேளுங்க” என்றாள். கட்டிலருகே போனதும் அவன் இவளை மேலும் கீழும் பார்த்து, “மச்சான், எங்கக்கா இவ்வளவு அழகா இருப்பாங்கன்னு சொல்லவே இல்லையே, உங்களுக்குப் போய்க் கட்டிக் குடுத்துட்டோமே” என்றான். இவள் வெட்கப்பட்டதைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது தினமும் நான் நகவெட்டியோடும் அவள் பிளாஸ்க்கோடும் போகிறோம், வாட்ச்மேன் எழுந்து வழிவிடுகிறான். வார்டில் இன்னும் இரண்டு பேர் என்னைத் தங்களுக்குச் சித்தப்பா என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டி முத்திரை எனக்குத் தேவைப்படவில்லை. சட்டை இன்னும் என் அளவில் அங்கே மடித்துக் கிடக்கிறதாம், டைல்ஸ் துடைக்க வைத்துக்கொள்ளட்டும்.

நீ வேலையில் நேரத்துக்குச் சாப்பிடு, காலை வேளையில் வெறும் காபியோடு ஓடாதே, போன தடவை போனில் உன் இருமல் எனக்குப் பிடிக்கவில்லை, டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், எனக்காக மைக் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல். குட்டியின் தலையில் கை வைத்து என் பெயரால் ஒரு ஜெபம் செய், கர்த்தர் உங்கள் மூவரையும் வீட்டிலும் வழியிலும் காப்பாராக. ஒன்றை மறக்காதே, ஞாயிறு சாயங்காலம் எங்களுக்குப் போன் பண்ணும்போது நாங்கள் வார்டில்தான் இருப்போம். உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் உனக்கு இதுவரை தாய்மாமன் இல்லை, இப்போது ஒருவர் இருக்கிறார், கால் ஒன்று குறைவு, வாய் ரொம்ப அதிகம். மருமகளோடு பேச வேண்டும் என்று தினமும் நச்சரிக்கிறார். போனை அவர் கையில் கொடுப்பேன், மாமா என்று கூப்பிட்டுப் பேசு.

என்றும் உன் நலனை வேண்டும்,
அப்பா